லெஸ்தாக் வீடுகளும் ககனேந்திரரின் துவாரகையும்

கியூபிசம் என்றால் பிக்காசோ பெயரைச் சொல்வோம், "ஒன்றும் புரியாது சார்" என்போம், அத்தோடு விஷயம் முடிந்தது. அன்பர்கள் கொஞ்சம் பொறுத்தால், அந்தப் பெயர் வரக் காரணமான படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது வரையப்பட்ட இடம், எண்ணூரும் திருவொற்றியூரும் பார்த்துப் பழகிய நமக்கு அந்நியமானதல்ல.

மார்சேய் துறைமுகத்துக்கு வடமேற்கே லெஸ்தாக் என்று ஒரு கடலோரப் புறநகர். மீன்பிடிப்பவர்கள் ஒரு பக்கம், சிமெண்ட் ஆலையும் ஓட்டுச் சூளைகளும் ஒரு பக்கம். அந்த வட்டாரத்தில் சுட்ட மார்சேய் ஓடுகள் கப்பலேறி உலகமெல்லாம் போயின. நாம் மங்களூர் ஓடு என்று சொல்கிறோமே, அது மார்சேய் ஓட்டின் மாதிரியில் வந்ததுதான். ராயபுரத்துப் பழைய கிடங்குகளின் கூரையை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு லெஸ்தாக்கும் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1908 கோடையில் ஜார்ஜ் பிராக் என்ற இருபத்தாறு வயதுக்காரர் அங்கே தங்கி வரைந்தார். லெ ஹாவ்ர் துறைமுகத்தில் வளர்ந்தவர். தகப்பனார் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழில் செய்தவர். மகனும் முதலில் அதே தொழிலைத்தான் கற்றார். அவருக்கு முன்னாலேயே செசான் லெஸ்தாக்கைப் பலமுறை வரைந்திருந்தார். செசான் 1906ல் இறந்தார். மறு ஆண்டு பாரிஸில் அவர் படங்கள் பெரிய கண்காட்சியாக வைக்கப்பட்டபோது இளம் ஓவியர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பிராக்கின் 'லெஸ்தாக் வீடுகள்' அந்தத் தாக்கத்தில் பிறந்த படம்.

படத்தில் வானம் கிடையாது. குன்றின் மேல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கதவு இல்லை, ஜன்னல் இல்லை. காவியும் பச்சையும் தவிர வேறு நிறம் அதிகம் இல்லை. தூரத்து வீடு சின்னதாகத் தெரிய வேண்டும் என்பது ஐரோப்பிய ஓவியம் நானூறு ஐநூறு ஆண்டுகளாகக் காத்துவந்த விதி. இங்கே தூரத்து வீடும் பக்கத்து வீடும் ஒரே தளத்துக்கு முன்னே தள்ளிக்கொண்டு வருகின்றன. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்றும் சொல்ல முடியாது. இயற்கைக் காட்சி என்றால் ஒரு ஜன்னல் வழியாகப் பார்ப்பது என்ற எண்ணத்தையே இந்தப் படம் கைவிட்டுவிட்டது.

அந்த ஆண்டு இலையுதிர்கால சலோன் கண்காட்சிக்கு பிராக் தன் லெஸ்தாக் படங்களை அனுப்பினார். தேர்வுக் குழு நிராகரித்தது. குழுவில் இருந்த மத்தீஸ், இவர் 'பெத்தீ க்யூப்', அதாவது சின்னச் சின்ன கனசதுரங்களாக வரைகிறார் என்று விமர்சகர் லூயி வோசெலிடம் சொன்னதாக வரலாறு. நவம்பரில் கான்வைலர் என்ற வியாபாரி தன் சிறு கடையில் அந்தப் படங்களை மாட்டினார். வோசெல் பத்திரிகையில் 'க்யூப்' என்ற சொல்லைப் போட்டு எழுதினார். கேலியாக வந்த சொல் பெயராக நிலைத்துவிட்டது. பிக்காசோ 1907லேயே வரைந்த பெண்கள் படத்தைத்தான் ஆரம்பம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் பெயர் வாங்கிக்கொடுத்தது இந்த வீடுகள்தான். பிராக் 1910லும் லெஸ்தாக்குக்குத் திரும்பி ரியோ டின்டோ தொழிற்சாலையை வரைந்தார். தொழிற்சாலையையும் உட்கார்ந்து வரையலாம் என்று நினைத்தாரே, அதுவே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இனி நம் நாட்டுக் கதை.

கல்கத்தா ஜோராசாங்கோ தாகூர் குடும்பத்தில் 1867ல் பிறந்தவர் ககனேந்திரநாத். ஓவியர் அவனீந்திரநாத்தின் அண்ணன். ரவீந்திரநாத் இவருக்குச் சித்தப்பா முறை. பாரிஸ் போய்ப் படித்தவர் அல்ல. இமயமலைக் காட்சிகள் வரைந்தார், ரவீந்திரரின் வாழ்க்கை நினைவுகளுக்குப் படம் போட்டார், பாபுமார்களையும் போலிச் சாமியார்களையும் கிழிகிழியென்று கிழித்துக் கேலிச்சித்திரங்கள் போட்டார். ஐம்பது வயதுக்கு மேல், 1920களில், கியூபிசத்தின் பக்கம் திரும்பினார். 1922ல் 'ரூபம்' பத்திரிகையில் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் அவரை ஓர் இந்திய கியூபிஸ்ட் என்று எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் ஓவியர்களான கிளே, காண்டின்ஸ்கி போன்றோர் படங்கள் காட்சிக்கு வந்தபோது ககனேந்திரர் படங்களும் அங்கே இருந்தன.

அவருடைய 'துவாரகாபுரி' நீர்வண்ணப் படம். கடல் கொண்டுபோனதாகப் புராணம் சொல்லும் கண்ணனின் நகரம். கட்டடங்கள் அடுக்கடுக்காக எழும்பும். ஆனால் பிராக்கின் வீடுகள் போலக் கட்டியாக, கனமாக நிற்பதில்லை. வெளிச்சமும் நிழலும் கண்ணாடித் துண்டுகளில் பட்டுச் சிதறுவதுபோல் இருக்கும். ரவீந்திரர் நாடகங்களுக்கு மேடை அமைத்தவர் அல்லவா, அந்த மேடை விளக்கின் மாயம் படத்திலும் இருக்கிறது. பிராக் பொருளைப் பிரித்துப் பார்க்க கனசதுரத்தை எடுத்தார். இவர் கதை சொல்ல எடுத்துக்கொண்டார்.

வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி 1959ல் வெளியிட்ட நூலில் இவற்றை பிக்காசோவின் மட்டமான நகல் என்ற பாணியில் ஒதுக்கிவிட்டார். மேலதிகாரியின் ரிமார்க் ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால், பின்னால் வருகிறவர் எல்லாம் அதையே பார்த்து எழுதுவார்கள். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். இங்கேயும் அப்படித்தான் நடந்தது. பிராக் செசானிடமிருந்து எடுத்தால் அது தாக்கம். பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து எடுத்தால் அது கண்டுபிடிப்பு. கல்கத்தாக்காரர் எடுத்தால் மட்டும் நகலா? 2007ல் பார்த்தா மித்தர் தன் நூலில் இந்த இரட்டை அளவுகோலை எடுத்து வைத்து நன்றாகவே கேட்டிருக்கிறார்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு நூல் உண்டு. அவனீந்திரநாத்திடம் படித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். கடற்கரை உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவர் கியூபிசம் பக்கம் போகவில்லை. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் புதுமையின் பக்கம் நின்று, 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். எது நம்முடையது, எது கடன் என்ற கேள்வி அங்கேயும் ஓயாமல் பேசப்பட்டது.

லெஸ்தாக் வீடுகள் இன்று சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ககனேந்திரருக்கு 1930ல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு அவரால் வரைய முடியவில்லை. 1938ல் காலமானார்.