வரிசையில் நின்ற காலமும் வரிசைக்கு முற்பதிவு செய்யும் காலமும்

1955 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஓராண்டுக்கு முன்னர் வரை தோடந்தோட்டங்களாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், வோல்ட் டிஸ்னியின் 'டிஸ்னிலாண்ட்' அன்று திறந்துவைக்கப்பட்டது. அழைப்பிதழ் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஏறத்தாழ 11 ஆயிரம் பேர் எதிர்பார்க்கப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் 28,154 பேர். போலி அழைப்பிதழ்களை அச்சடித்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். போதாக்குறைக்கு வேலியோரம் ஏணியொன்றைச் சாத்திவைத்து, ஆளுக்கு ஐந்து டொலர் வாங்கிக்கொண்டு உள்ளே இறக்கிவிட்ட ஓர் ஆசாமியின் கதையும் அன்றைய நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லப்படுவதுண்டு. இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒரு தொகுதியினராக வரவேண்டும் என்று நேரம் வகுத்துக் கொடுக்கப்பட்டிருந்த திரைப்பட நட்சத்திரங்களும் பிரமுகர்களும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள்.

வெயில் 38 பாகை செல்சியஸைத் தொட்டது. நீர்க்குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாக, குடிநீர்க் குழாய்களை இயங்கச் செய்வதா கழிவறைகளை இயங்கச் செய்வதா என்று தெரிவு செய்யவேண்டிய நிலை டிஸ்னிக்கு. அவர் கழிவறைகளைத் தெரிவு செய்தார். முதல்நாள் இரவு ஊற்றப்பட்ட தார் இறுகாததால் பெண்களின் குதியுயர் காலணிகள் அதில் புதைந்தன. இத்தனையையும் தொலைக்காட்சியில் நேரடியாக வர்ணித்த மூவரில் ஒருவர், கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்க ஜனாதிபதியாகத் தெரிவான ரொனால்ட் றீகன். டிஸ்னி நிறுவனத்தார் அந்த நாளுக்குப் பின்னாளில் வைத்துக்கொண்ட பெயர் 'கறுப்பு ஞாயிறு'.

அன்று நடந்ததை ஒரு முற்பதிவுத் திட்டத்தின் முதல் தோல்வி என்றே நான் பார்க்கிறேன். யார் வரலாம், எத்தனை மணிக்கு வரலாம் என்பதெல்லாம் தாளில் ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. எழுபது ஆண்டுகளாக அந்தத் தாளைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தங்களின் கதைதான் இக்கட்டுரை. பாண் வரிசையிலும் எரிபொருள் வரிசையிலும் நின்று பழகிய நாட்டிலிருந்து எழுதுகின்ற எனக்கு, மகிழ்ச்சிக்காக வரிசையில் நிற்கும் மனிதர்களின் மனக்குறையை ஆராய்வது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. ஆனாலும் வரிசை எங்கு இருந்தாலும் அங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: யாருக்கு முதலிடம்?

டிஸ்னிலாண்டின் தொடக்ககாலக் கட்டண முறை எளிமையானது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டொலர், சிறுவர்களுக்கு ஐம்பது சதம். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாகக் காசு. மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். ஏழெட்டு வாரங்களுக்குள் வந்தவர்கள் தொகை பத்து இலட்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் சிறு சீட்டுப் புத்தகங்கள் அறிமுகமாயின. அவற்றில் ஏ, பீ, சீ என்று தரம் பிரிக்கப்பட்ட சீட்டுகள் இருந்தன. அடுத்த ஆண்டு டீ சேர்ந்தது. 1959 இல் மட்டர்ஹோர்ன் மலைச் சவாரியும் நீர்மூழ்கிச் சவாரியும் மொனோரயிலும் திறக்கப்பட்டபோது ஈ சேர்ந்தது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் தலைசிறந்த அனுபவத்துக்கு 'ஈ-டிக்கெட்' என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததுதான். 1983 இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியான சாலி றைட், தமது பயணத்தை வர்ணிக்கக் கையாண்டதும் இந்தச் சொல்லையே.

இந்தச் சீட்டுப் புத்தகத்தைப் பலர் பழைய நினைவுப் பொருளாக மட்டுமே பார்க்கிறார்கள். அது உண்மையில் ஒரு பங்கீட்டு முறை. ஒரு புத்தகத்தில் ஈ சீட்டுகள் சிலவே இருக்கும். அவை தீர்ந்ததும், மேலும் காசு கொடுத்து வாங்க விரும்பாதவர் மீதமிருக்கும் ஏ, பீ சீட்டுகளோடு குதிரை இராட்டினத்தையோ பழைய காலத்து வண்டியையோ நாடிச் செல்வார். ஆகவே கூட்டம் தானாகவே பரவியது. யாரும் முன்கூட்டித் திட்டமிட வேண்டியிருக்கவில்லை. ஒருவரை முந்தி மற்றவர் போகவும் வழியில்லை. பயன்படுத்தாத சீட்டுகள் அமெரிக்க வீடுகளின் மேசை இழுப்பறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

1982 ஆம் ஆண்டு சீட்டுப் புத்தகம் கைவிடப்பட்டது. வாசலில் ஒரே கட்டணம். உள்ளே எத்தனை தடவை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். கேட்பதற்கு இனிமையான ஏற்பாடு. விளைவு, எல்லோரும் நேரே பெரிய சவாரிகளை நோக்கி ஓடினார்கள். காசு செய்துவந்த வேலையை இப்போது நேரம் செய்யத் தொடங்கியது.

இவ்விடத்தில் ஒரு தற்செயலைக் குறிப்பிட வேண்டும். வரிசைகள் எவ்வாறு வளர்கின்றன என்பதைக் கணிதமாக்கிய முதல் மனிதர்களில் ஒருவர் ஏ. கே. ஏர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், அழைப்புகளின் நெரிசல் பற்றிய தமது முதலாவது கட்டுரையை 1909 இல் வெளியிட்டார். அதே கோபன்ஹேகன் நகரில்தான் 1843 இல் திறக்கப்பட்ட டிவோலி பூங்கா இருக்கிறது. 1951 இல் டிஸ்னி அங்கே சென்று சுற்றிப் பார்த்து, அதன் தூய்மையிலும் ஒழுங்கிலும் மனதைப் பறிகொடுத்தார். பூங்காவின் அழகை அவர் அந்நகரிலிருந்து எடுத்துச் சென்றார். அதே நகரில் பிறந்த வரிசைக் கணிதம் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருடைய வாரிசுகளுக்குத் தேவைப்பட்டது.

1999 இல் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. சவாரியின் வாசலிலுள்ள இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செலுத்தினால், ஒரு துண்டுச்சீட்டு வெளிவரும். அதில் குறித்த ஒரு மணி நேர இடைவெளிக்குள் திரும்பி வந்தால் குறுகிய வரிசை. இதற்குக் கட்டணம் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் மக்கள் கடைகளிலும் உணவகங்களிலும் காசு செலவழிப்பார்கள் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. வாசகர்கள் இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஒரு சவாரியில் மணிக்கு 2,000 பேர் ஏறமுடியும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,500 இடங்களைச் சீட்டு வைத்திருப்போருக்கு ஒதுக்கிவிட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது 500. முன்பு தமக்கு முன்னால் 500 பேர் நின்றால் கால் மணி நேரத்தில் ஏறிவிடக்கூடியவர், இப்போது அதே 500 பேருக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். சீட்டுக்காரரும் சும்மா இருப்பதில்லை. ஒரு சவாரிக்குச் சீட்டால் இடம் பிடித்துவிட்டு, இன்னொரு சவாரியின் வரிசையில் காலால் நிற்கிறார். ஒரே ஆள் இரண்டு வரிசைகளில்! இயந்திரத்தின் கொள்ளளவு ஒரு ஆளாலும் கூடவில்லை.

ஆயினும் அந்தத் தாள்ச்சீட்டில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைப் பெறுவதற்குப் பூங்காவுக்குள் இருக்கவேண்டும், நடக்கவேண்டும். ஊரிலிருந்தபடி யாரும் எடுக்க முடியாது.

அந்த நியாயமும் 2013-14 காலப்பகுதியில் போயிற்று. புளோரிடாவிலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டில், ஏறத்தாழ 100 கோடி டொலர் செலவிட்டு, மணிக்கட்டில் அணியும் பட்டியும் கைத்தொலைபேசிச் செயலியும் கொண்ட புதிய முறை கொண்டுவரப்பட்டது. நிறுவனத்தின் ஹோட்டலில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும், ஏனையோர் 30 நாட்களுக்கு முன்பும் சவாரிகளுக்கு நேரம் பதிவு செய்யலாம். உணவகங்களுக்கோ 180 நாட்கள். அதாவது டிசெம்பர் மாத இறுதியில் ஒரு மாலை ஐந்தரை மணிக்கு எங்கே உணவருந்துவது என்பதைக் குடும்பம் ஜூலை மாதத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். (உணவகங்களுக்கான கால எல்லை பின்னர் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது.) 2017 மே மாதத்தில் பண்டோரா பகுதியின் பறக்கும் சவாரி திறக்கப்பட்டபோது, 30 ஆவது நாள் காலையில் எழுந்து பார்த்த சாதாரண மனிதருக்கு மிஞ்சியிருந்தது அநேகமாக ஒன்றுமில்லை.

கனடாவில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையொன்றை ஒருமுறை கண்டேன். நாள், மணி, சவாரி, உணவகம், நடந்து செல்ல எடுக்கும் நிமிடங்கள் என ஐந்து நிரல்கள், மூன்று வண்ணங்கள். தேர்தல் முடிவுகளுக்காக எங்கள் ஆசிரிய பீடத்தில் தயாரிக்கும் அட்டவணைகள்கூட அத்தனை நேர்த்தியாக இருந்ததில்லை. "இது விடுமுறையா, படை நடவடிக்கையா?" என்று கேட்டேன். நண்பரின் மனைவி சிரிக்கவில்லை. "அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யிறது எண்டுதான் யோசிக்கிறன்" என்றார்.

அவர் சொன்னதில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும். பிற்பகலில் புளோரிடாவின் இடிமழை பெய்யும். ஐந்து வயதுப் பிள்ளை ஓர் வாத்தின் பின்னால் போய் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். முன்கூட்டி எழுதிய அட்டவணையில் இவற்றுக்கு இடமில்லை. பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த நேரத்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். திட்டமிடத் தெரிந்தவருக்கு இந்தத் தொல்லை. தெரியாதவரின் நிலை இதைவிட மோசம். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர், வேலையில் விடுமுறை கிடைக்குமா என்பது கடைசி வாரம் வரை நிச்சயமில்லாதவர், பேரப்பிள்ளைகளோடு திடீரென்று புறப்பட்டு வரும் பாட்டனார் ஆகியோர் வாசலில் முழுக்கட்டணம் செலுத்தியும், மிக நீண்ட வரிசையின் வால்நுனியிலேயே நிற்பார்கள்.

2020 மார்ச்சில் கொவிட் நோய்த்தொற்றுக் காரணமாகப் பூங்காக்கள் மூடப்பட்டன. புளோரிடாவில் ஜூலை மாதத்திலும் கலிபோர்னியாவில் 2021 ஏப்ரல் 30 ஆம் திகதியும் மீண்டும் திறந்தபோது, நுழைவுச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, வரும் நாளையும் தனியாகப் பதிவு செய்யவேண்டும் என்ற விதி வந்தது. நோய்க் காலத்தில் அது அவசியமானதே. நோய் தணிந்த பிறகும் அது நீடித்ததுதான் சிக்கல். கலிபோர்னியாவில் 2021 இல் 1,399 டொலருக்கு விற்கப்பட்ட வருடாந்த அனுமதியொன்று, தடை செய்யப்பட்ட நாட்கள் எதுவுமில்லை என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் அதை வாங்கிய ஒரு பெண்மணி நாள் பதிவு செய்யப் போனபோது, சாதாரண நுழைவுச்சீட்டுகள் விற்பனையில் இருந்த நாட்களிலும் தமக்கு இடமில்லை என்று கண்டு வழக்குத் தொடுத்தார். 2023 இல் 95 இலட்சம் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்குப் பங்கிட்டபோது ஆளுக்குக் கிடைத்தது எழுபது டொலருக்கும் குறைவு.

2021 ஒக்டோபரில், இலவசமாக இருந்த விரைவு வரிசை புளோரிடாவில் கட்டணத்துக்குரியதாயிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 15 டொலர். மிகப் புகழ்பெற்ற சவாரிகளுக்கு அதற்கு மேலும் தனிக் கட்டணம். காசு கொடுத்த பின்னரும் ஓய்வில்லை. காலை ஏழு மணிக்குக் கைத்தொலைபேசியோடு விழித்திருக்க வேண்டும். விடுமுறையில் போயிருப்பவர்கள் வேலைநாளைவிட முன்னதாக எழுந்து படுக்கையில் அமர்ந்தபடி திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது உடற்குறையுடையோரின் விடயம். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கென்று ஒரு சலுகை நெடுங்காலமாக இருந்துவந்தது. செல்வந்தக் குடும்பங்கள் சில உடற்குறையுடைய ஒருவரை நாட்கூலிக்கு அமர்த்தி, அவருடைய சலுகையில் தாமும் முன்னால் போகின்றன என்று 2013 இல் 'நியூயோர்க் போஸ்ட்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் சலுகை திருத்தியமைக்கப்பட்டது. விரைவு வரிசை கட்டணமான பின்னர் சலுகையை நாடுவோர் தொகை மிகவும் பெருகியது. 2024 இல் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டு, முக்கியமாக ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கே உரியது என்று வரையறுக்கப்பட்டது. நெடுநேரம் நிற்க முடியாத வேறு நோயாளர் பலர், காணொளி நேர்காணலில் தமது உடல் நிலையை அந்நியர் ஒருவருக்கு விளக்கி, இல்லை என்ற பதிலைப் பெற்றுக்கொண்டார்கள்.

முற்பதிவு என்பதே தீது என்று நான் சொல்ல வரவில்லை. டோக்கியோவின் மேற்கே மிடாகாவில் 2001 ஒக்டோபரில் திறக்கப்பட்ட ஜிப்லி அரும்பொருளகத்தில், முன்கூட்டி வாங்கிய, நாளும் நேரமும் குறித்த சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்கும், விரைவில் தீர்ந்துபோகும். வெளிநாட்டார் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே முற்பதிவின் நோக்கம், சிறிய கட்டடத்துக்குள் கூட்டம் நெருக்காமல் பார்ப்பது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் எந்த வழியில் போவது, எதன் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்று யாரும் சொல்வதில்லை. புகைப்படம் எடுக்கவும் அனுமதியில்லை. அதிக காசு கொடுத்தவருக்கென்று தனி வாசலும் கிடையாது.

புளோரிடாவில் 2024 ஜனவரி முதல், திகதி குறித்த நுழைவுச்சீட்டு வாங்குவோர் தனியாக நாள் பதிவு செய்யவேண்டிய விதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் கட்டண விரைவு வரிசைக்கான முற்பதிவு திரும்பி வந்தது; நிறுவனத்தின் ஹோட்டல்களில் தங்குவோருக்கு ஏழு நாட்கள் முன்பு, மற்றோருக்கு மூன்று நாட்கள் முன்பு. ஒக்டோபரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. இனி எதையும் திட்டமிட விரும்பாதவர்கள், நேரம் குறிக்காமல், விரும்பியபோது ஒவ்வொரு விரைவு வரிசையிலும் ஒரு தடவை நுழையலாம். ஆளுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு பூங்காவுக்கு 129 டொலர் முதல் 449 டொலர் வரை. நுழைவுக் கட்டணம் வேறு. 1955 இல் வேலியோரம் ஏணி வைத்திருந்தவர் கேட்டது ஐந்து டொலர்.