மறதி நோயும் தாதியர் பணியும்

மறதி நோயின் வரலாற்றைப் பேசுவோர் ஜெர்மனியிலிருந்து தொடங்குவது வழக்கம். 1901-இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்ந்த அவுகுஸ்டே டெட்டர் என்னும் அம்மையாரை அலோய்ஸ் அல்சைமர் ஆராய்ந்தார். 1906-இல் அவர் இறந்தபின் மூளையைச் சோதித்து, கண்டதை அறிவித்தார். நோய்க்கு மருத்துவர் பெயர் வாய்த்தது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகளும் அவ்வம்மையாரைப் பேணிய தாதியரை எவரும் பேசுவதில்லை. நாம் தாதியரை முன்னிட்டுச் சித்தூர், திருப்பதிச் சீமையிலிருந்து தொடங்குவோம்.

1911 வரை சித்தூரே வடஆர்க்காடு ஜில்லாவின் தலைநகர். வேலூர் அந்த ஜில்லாவின் ஓர் ஊர். ஆகவே 1909-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, அது சித்தூர்க் கலெக்டரின் எல்லைக்குள் நிகழ்ந்த செயலாகும். 1915-இல், அப்போது சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை தோன்றிற்று. காசத்தை அழிக்கும் மருந்து இல்லாத காலம் அது. ஓய்வு, உணவு, காற்று, தாதியரின் கண்காணிப்பு இவையே சிகிச்சை. தீராத நோயை நெடுநாள் பேணும் கலை இங்குப் புதியதன்று. 1953-இல் சித்தூர் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதியில் 1960-இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. எல்லை மாறினும் நோயாளிகள் பழைய வழியே வேலூருக்கும் வந்துபோகின்றனர்.

மறதி நோயைக் கண்டறிய 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தேர்வு வகுக்கப்பட்டது. மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பள்ளி காணாத குடியானவப் பாட்டி இதில் தோற்பாள். ஓய்வுபெற்ற ஆசிரியரோ நோய் தொடங்கிய பின்னும் வென்றுவிடலாம். மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஆங்கில இடைச்சொற்களை அடுக்கிய தொடரொன்றைத் திருப்பிச் சொல்லுமாறு அத்தேர்வு கேட்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருளும் போகும், சோதனையும் போகும்.

1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் ‘10/66’ என்னும் ஆய்வுக் குழுவை அமைத்தனர். நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் வாழும் நாடுகளில் பத்திலொரு பங்கு ஆராய்ச்சியும் நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள். வேலூரும் அவ்வாய்வில் இடம்பெற்றது. முதியவரை மட்டுமன்றி, அவரை நன்கறிந்த ஒருவரையும் வினவுவது அவர்கள் முறை. சென்ற ஆண்டு தனியே கடைக்குப் போனவர் இவ்வாண்டு வழி தடுமாறுகிறாரா? உலையிட்ட நினைவு இருக்கிறதா? இவை வீட்டுப்படி ஏறும் தாதியின் கேள்விகள். மனச்சோர்வும் தைராய்டுக் குறைவும்கூட மறதி நோய்போல் தோன்றுமாதலால், அவள் ஐயுற்றதை மருத்துவர் உறுதிசெய்தல் வேண்டும்.

கண்டறிந்தபின் வருவதே பெரும்பாடு. காணாத நகையை மருமகள் திருடினாள் என்று மாமியார் கூவுவாள். அது குணமன்று, நோயின் குறி என்று வீட்டாருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடவும், உணவு புரையேறாமல் ஊட்டவும் கற்பிக்க வேண்டும். குழப்பம் திடீரென மிகுந்தால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ என்று பார்க்க வேண்டும். கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூரார் வீடுதேடிச் சென்றனர். நோய் நீங்கவில்லை, பேணுவோரின் மனத்துயர் குறைந்தது.

சித்தூர்ச் சிற்றூர்களில் இப்பணிக்குச் செல்லும் தாதிக்குத் தெலுங்கு, தமிழ் இரண்டும் வேண்டும். நோய் முற்ற முற்ற, பின்னர்க் கற்ற மொழியை மறந்து, பிள்ளைப் பருவத்து மொழிக்கே திரும்பிவிடும் முதியவர் பலர்.