பெஞ்சமின் பிராங்கிளினுக்கு வந்த கடிதங்கள் (1782–1785)

பெஞ்சமின் பிராங்கிளினுக்கு வந்த கடிதங்கள் (1782–1785) என்பவை, அமெரிக்கப் புரட்சிப் போரை முடித்து வைத்த அமைதி உடன்பாட்டிற்குப் பின்னர், பிரான்சில் ஐக்கிய அமெரிக்காவின் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்குப் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்கள் ஆகும். அமைச்சர்கள், வணிகர்கள், அறிவியலாளர்கள், மதகுருமார், பழைய நண்பர்கள், முன்பின் அறியாதவர்கள் எனப் பலதரப்பட்டோர் இவற்றை எழுதினர். போரில் எதிர்த்தரப்பில் நின்ற அவருடைய மகனின் கடிதமும் இவற்றுள் ஒன்று. உடன்படிக்கையில் கையெழுத்திட்டதுடன் ஒரு போர் முற்றாக முடிந்துவிடுவதில்லை என்பதை இக்கடிதங்கள் காட்டுகின்றன. எனவே இவை 18 ஆம் நூற்றாண்டு அரசியல் வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் முக்கியமான மூல ஆவணங்களாகக் கருதப்படுகின்றன.

பின்னணி

பிராங்கிளின் (1706–1790) 1776 ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சு சென்றார். 1777 முதல் 1785 வரை, பாரிஸ் நகருக்கு அருகில் அப்போது தனி ஊராக இருந்த பாஸ்ஸியில், வாலாந்தினுவா மாளிகையில் வசித்தார். அவருடைய பேரன் வில்லியம் டெம்பிள் பிராங்கிளின் அவருக்குச் செயலாளராக இருந்தார்.

அமைதி உடன்பாடு பல கட்டங்களாக உருவானது. நவம்பர் 30, 1782 அன்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் முதற்கட்ட உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஜனவரி 20, 1783 அன்று பிரித்தானியா பிரான்சுடனும் ஸ்பெயினுடனும் முதற்கட்ட உடன்பாடுகளைச் செய்துகொண்டது. செப்டம்பர் 3, 1783 அன்று பாரிஸ் உடன்படிக்கை இறுதி வடிவில் கையெழுத்தானது. அமெரிக்கா சார்பில் பிராங்கிளின், ஜோன் ஆடம்ஸ், ஜோன் ஜே ஆகியோரும், பிரித்தானியா சார்பில் டேவிட் ஹார்ட்லியும் கையெழுத்திட்டனர். அப்போது பிராங்கிளினுக்கு வயது 77.

அக்காலத்தில் ஒரு செய்தி கடலைக் கடக்க வாரங்களோ மாதங்களோ ஆயின. 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் எட்டப்பட்ட உடன்பாட்டின் செய்தி வந்து சேராததால், தமிழகத்தின் கடலூரில் பிரித்தானியப் படைகளும் பிரெஞ்சுப் படைகளும் அவ்வாண்டு ஜூன் மாதத்திலும் போரிட்டுக் கொண்டிருந்தன. செய்தி கிடைத்த பின்னரே கடலூர் முற்றுகை கைவிடப்பட்டது. கப்பல் மூழ்கினாலோ பிடிபட்டாலோ கடிதம் தொலைந்துவிடும் என்பதால், முக்கியமான கடிதங்களின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கமாக இருந்தது. பிராங்கிளினின் கடிதப் போக்குவரத்தையும் இந்நிலையிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

அரசு சார்ந்த கடிதங்கள்

வெர்ஜென் பிரபுவின் கண்டனம்

முதற்கட்ட உடன்பாட்டிற்குப் பின் வந்த கடிதங்களுள் மிகவும் நெருக்கடியானது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் பிரபு டிசம்பர் 15, 1782 அன்று எழுதியதாகும். பிரான்சும் அமெரிக்காவும் 1778 இல் நட்புறவு ஒப்பந்தம் செய்திருந்தன. பிரான்சைக் கலக்காமல் பேச்சுவார்த்தையை முடிக்கக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரசும் தன் தூதர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. ஆயினும் அமெரிக்கத் தூதர்கள் பிரான்சுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே கையெழுத்திட்டனர். அந்த உடன்பாட்டை அமெரிக்காவுக்கு அனுப்பவும் அவர்கள் முற்பட்டதை வெர்ஜென் தன் கடிதத்தில் கடிந்துகொண்டார்.

பிராங்கிளின் இரண்டு நாட்களில் மறுமொழி எழுதினார். தாங்கள் தவறியது மரியாதை முறையில் மட்டுமே என்றும், பிரெஞ்சு மன்னரிடம் நன்றி குறையவில்லை என்றும் அதில் விளக்கினார். இரு நாடுகளையும் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர் எண்ணி மகிழ்வதாகவும், இச்சிறு மனத்தாங்கலை வெளியில் தெரியாமல் காத்து அவர்களை ஏமாற்றமடையச் செய்ய வேண்டும் என்றும் குறிப்பிட்டார். உறவு முறியவில்லை. 60 இலட்சம் லிவர் புதிய கடனைத் தர பிரான்சு இசைந்தது. அதில் 6 இலட்சம் லிவர் உடனடியாகக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது.

இதே விவகாரத்தில் தாய்நாட்டிலிருந்தும் குறை கூறப்பட்டது. அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ராபர்ட் லிவிங்ஸ்டன் மார்ச் 25, 1783 அன்று எழுதிய கடிதத்தில், உடன்பாட்டின் பயன்களைப் பாராட்டினார். ஆனால், மேற்குப் புளோரிடாவின் எல்லை குறித்த தனி விதியைப் பிரான்சிடமிருந்து மறைத்ததை அவர் ஏற்கவில்லை.

ஒப்புறுதி தொடர்பான கடிதங்கள்

கையெழுத்தான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இரு நாடுகளும் ஒப்புறுதி ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதியாகும். அதன்படி 1784 மார்ச் மாதத் தொடக்கம் கடைசித் தவணை ஆகும். ஒப்புறுதி அளிக்க ஒன்பது மாநிலங்களின் ஆதரவு தேவைப்பட்டது. ஆனால், அனாபொலிஸ் நகரில் கூடிய காங்கிரசுக்குப் போதிய உறுப்பினர்கள் வந்து சேரவில்லை. ஜனவரி 14, 1784 அன்றுதான் ஒப்புறுதி நிறைவேறியது. காங்கிரசின் தலைவர் தாமஸ் மிஃப்ளின் ஒப்புறுதி ஆவணத்தின் மூன்று படிகளை வெவ்வேறு வழிகளில் அனுப்பினார். ஜோசையா ஹார்மர் கொண்டுவந்த படி, தவணை கடந்த பின்னர், மார்ச் மாத இறுதியில் பாஸ்ஸியை அடைந்தது.

இத்தாமதத்தைக் காரணம் காட்டி பிரித்தானியா உடன்படிக்கையிலிருந்து விலகிவிடுமோ என்ற கவலை அமெரிக்கத் தரப்பில் இருந்தது. கடுங்குளிர் காலத்தால் நேர்ந்த தாமதம் என்பதால் தவணையை நீட்டிக்கத் தனி ஒப்பந்தம் தேவையில்லை என்று ஹார்ட்லி பிராங்கிளினுக்குத் தெரிவித்தார். மே 12, 1784 அன்று ஆவணங்கள் பரிமாறப்பட்டன. அதன் பின்னரும், அமெரிக்க ஆவணத்தில் பிரித்தானிய மன்னரின் பெயருக்கு முன்பாக ஐக்கிய அமெரிக்காவின் பெயர் இடம்பெற்றது போன்ற குறைகளைச் சுட்டி, ஜூன் 1 அன்று ஹார்ட்லியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிராங்கிளின் மறுநாளே விளக்கம் அளித்தார். அச்சிக்கல் மேலும் வளரவில்லை.

சமயம் சார்ந்த கடிதங்கள்

அமெரிக்கா தனி நாடானதால் அங்கிருந்த திருச்சபைகள் இங்கிலாந்துடன் கொண்டிருந்த தொடர்பு அறுபட்டது. 1783 ஜூலையில் திருத்தந்தையின் பாரிஸ் தூதர் பிராங்கிளினுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அமெரிக்காவில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு தலைவரை நியமிக்கக் காங்கிரசின் இசைவை அது கோரியது. இது சமயம் சார்ந்த செயல் என்பதால் இதில் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1784 மே மாதத்தில் காங்கிரஸ் முடிவு செய்தது. பின்னர், பிராங்கிளினின் பரிந்துரையை ஏற்று, ஜோன் கரோல் என்பவரை உரோமை நியமித்தது. 1776 இல் பிராங்கிளினுடன் கனடாவுக்குத் தூது சென்றவர் இவர்.

1784 இல் இலண்டனில் இருந்த மேசன் வீம்ஸ், எட்வர்ட் காண்ட் என்ற இரு அமெரிக்க இளைஞர்கள் வேறொரு சிக்கலை எழுதினர். ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் பெற, பிரித்தானிய மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. சுதந்திர நாட்டின் குடிமக்களாகிய அவர்களால் அதைச் செய்ய இயலவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் குருமாரைத் தாங்களே ஏற்படுத்திக்கொள்ளலாமே என்ற கருத்தில் பிராங்கிளின் ஜூலை 18 அன்று பதில் எழுதினார். அவ்வாண்டே பிரித்தானிய நாடாளுமன்றம் அயல்நாட்டவருக்கு அந்த உறுதிமொழியிலிருந்து விலக்களித்துச் சட்டம் இயற்றியது. வீம்ஸ் பிற்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றார்.

குடியேற விரும்பியோரின் கடிதங்கள்

அமைதிச் செய்தி பரவியதும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து வேண்டுகோள் கடிதங்கள் வந்து குவிந்தன. வணிகர்கள் தங்கள் துறைமுக நகரங்களில் அமெரிக்கத் துணைத்தூதர் பதவியைக் கேட்டனர். சிலர் அரசுப் பதவியும் இலவச நிலமும் பயணச் செலவும் எதிர்பார்த்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவது முதுமையிலும் சிறுநீர்ப்பைக் கல் நோயிலும் வருந்திய பிராங்கிளினுக்குக் கடினமாக இருந்தது.

எனவே அவர் 1784 இல் அமெரிக்காவில் குடியேற விரும்புவோருக்கான ஒரு கையேட்டை எழுதி, பாஸ்ஸியில் தம் சொந்த அச்சகத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்டார். அமெரிக்காவில் வருவாய் மிகுந்த பதவிகள் இல்லை. உயர்குடிப் பிறப்புக்கு மதிப்பு இல்லை. உழவர், கைவினைஞர் போன்ற உழைப்பாளிகளே அங்கு நன்கு வாழ முடியும் என்பது அதன் சாரம். வந்து குவிந்த கடிதங்களே ஒரு நூலுக்குக் காரணமாயின எனலாம்.

நண்பர்களின் கடிதங்கள்

போரினால் தடைபட்டிருந்த இங்கிலாந்து நட்புகள் இக்காலத்தில் மீண்டும் துளிர்த்தன. இலண்டனில் பல ஆண்டுகள் பிராங்கிளினுக்குத் தங்க இடமளித்த மார்கரெட் ஸ்டீவன்சன் இறந்த செய்தியை, அவருடைய மகள் மேரி ஹியூசன் 1783 ஜனவரியில் எழுதித் தெரிவித்தார். அமைதி திரும்பிய வேளையில் பிராங்கிளினுக்குக் கிடைத்த துயரச் செய்தி இது. மேரி ஹியூசன் தம் பிள்ளைகளுடன் 1784–85 குளிர்காலத்தைப் பாஸ்ஸியில் கழித்தார்.

அச்சகர் வில்லியம் ஸ்ட்ராகன் பிராங்கிளினின் நெடுநாளைய நண்பர். பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1775 ஜூலையில் பிராங்கிளின் அவரை இனி எதிரி என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அதை அனுப்பவில்லை. 1784 இல் ஸ்ட்ராகனின் அன்பான கடிதம் பாஸ்ஸிக்கு வந்தது. இருவரும் பழையபடி எழுதிக்கொண்டனர். ஸ்ட்ராகன் 1785 ஜூலையில் காலமானார்.

இலண்டன் அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸ், 1783 இல் பாரிசில் நடந்த பலூன் சோதனைகள் பற்றிப் பிராங்கிளினுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1784 ஆகஸ்டில் மற்றொரு செய்தியையும் தெரிவித்தார். 1779 மார்ச்சில், கடலாய்வுப் பயணத்திலிருந்து திரும்பும் ஜேம்ஸ் குக்கின் கப்பலைத் தாக்க வேண்டாம் என அமெரிக்கக் கப்பல் தலைவர்களைப் பிராங்கிளின் கேட்டுக்கொண்டிருந்தார். குக் அதற்கு முந்தைய மாதமே ஹவாயில் கொல்லப்பட்டிருந்தார் என்பது அப்போது ஐரோப்பாவில் தெரியாது. அந்த நற்செயலுக்காக அரச கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. குக்கின் பயண நூலை மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இசைவுடன் ஹவ் பிரபு அனுப்பிவைத்தார். 1776 இல் பிராங்கிளினுடன் அமைதிப் பேச்சு நடத்தித் தோல்வியுற்ற கடற்படைத் தளபதி இவரே என்பது குறிப்பிடத்தக்கது.

அமைதிப் பேச்சுவார்த்தையில் பிரித்தானியப் பிரதமர் ஷெல்பர்ன் பிரபுவின் தனி முகவராகச் செயற்பட்ட பெஞ்சமின் வான் என்பவர், ஜனவரி 31, 1783 அன்று எழுதிய கடிதத்தில், பாதியில் நின்றிருந்த தன்வரலாற்றைத் தொடர்ந்து எழுதுமாறு பிராங்கிளினை வேண்டினார். பிலடெல்பியா வணிகர் ஏபல் ஜேம்சும் இதே வேண்டுகோளை விடுத்திருந்தார். பிராங்கிளின் 1784 இல் பாஸ்ஸியில் தன்வரலாற்றின் இரண்டாம் பகுதியை எழுதினார். இவ்விரு கடிதங்களும் அப்பகுதியின் தொடக்கத்தில் இடம்பெற்றுள்ளன.

மகன் வில்லியம் பிராங்கிளினின் கடிதம்

இத்தொகுதியில் மிகுதியாக ஆராயப்பட்ட தனிப்பட்ட கடிதம் பிராங்கிளினின் மகன் வில்லியம் ஜூலை 22, 1784 அன்று இலண்டனிலிருந்து எழுதியதாகும். 1763 முதல் நியூ ஜெர்சியின் ஆளுநராக இருந்த வில்லியம், போரில் பிரித்தானிய மன்னரின் பக்கம் நின்றார். 1776 இல் கைது செய்யப்பட்டுக் கனெக்டிகட்டில் சிறை வைக்கப்பட்டார். விடுதலை பெற்ற பின் 1782 இல் இங்கிலாந்து சென்றார். தந்தையின் செயலாளராக இருந்த டெம்பிள் இவருடைய மகனே.

தந்தையுடன் முன்பிருந்த அன்பான தொடர்பைப் புதுப்பிக்க விரும்புவதாக வில்லியம் எழுதினார். அதே வேளையில், மன்னருக்கும் நாட்டுக்கும் ஆற்ற வேண்டிய கடமை எனத் தாம் நம்பியதையே செய்ததாகவும் கூறினார், மன்னிப்புக் கோரவில்லை. பிராங்கிளின் ஆகஸ்ட் 16 அன்று பதில் எழுதினார். தொடர்பைப் புதுப்பிப்பது தமக்கு உவப்பானதே என்றார். ஆனால், முதுமையில் ஒரே மகன் தம்மைக் கைவிட்டு எதிர்த்தரப்பில் நின்றதைப் போல வேறெதுவும் தம்மைப் புண்படுத்தியதில்லை என்றும், அரசியல் கடமைகளுக்கு முற்பட்ட இயற்கைக் கடமைகள் உண்டு என்றும் எழுதினார். வில்லியம் அப்போது பாஸ்ஸிக்கு வருவதை அவர் விரும்பவில்லை. தமக்குப் பதிலாக டெம்பிளை இலண்டனுக்கு அனுப்பினார்.

1785 ஜூலையில், பிராங்கிளின் தாயகம் திரும்பும் வழியில், சவுதாம்ப்டன் துறைமுகத்தில் தந்தையும் மகனும் சந்தித்தனர். அதுவே அவர்களின் கடைசிச் சந்திப்பு ஆகும். பிராங்கிளின் தம் உயிலில் வில்லியமுக்கு நோவா ஸ்கோசியாவிலிருந்த நிலத்தையும், ஏற்கெனவே அவரிடம் இருந்த நூல்கள், தாள்கள் ஆகியவற்றையுமே விட்டுச்சென்றார்; போரில் அவர் நடந்துகொண்ட முறையே அதற்குக் காரணம் எனவும் குறித்தார். எதிரி நாட்டு மன்னரின் அன்பளிப்பை ஏற்ற அதே மாதத்தில் அவர் தம் மகனுக்கு இப்பதிலை எழுதினார் என்பது நோக்கத்தக்கது.

பதவியிலிருந்து விடுவித்த கடிதம்

தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்குமாறு பிராங்கிளின் 1782 டிசம்பரிலேயே காங்கிரசைக் கேட்டிருந்தார். அதற்கான இசைவு மே 2, 1785 அன்றுதான் அவரை வந்தடைந்தது. அவருக்குப் பின் தாமஸ் ஜெபர்சன் பிரான்சுக்கான தூதரானார். பிராங்கிளின் ஜூலை 12 அன்று பாஸ்ஸியை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 14 அன்று பிலடெல்பியாவை அடைந்தார்.

கடிதங்களின் பிற்கால வரலாறு

பிராங்கிளின் தம் தாள்களை டெம்பிளுக்கு விட்டுச்சென்றார். டெம்பிள் ஒரு பகுதியை இலண்டனுக்கு எடுத்துச் சென்று, அவற்றிலிருந்து தெரிந்தெடுத்தவற்றை 1817 முதல் பதிப்பித்தார். எஞ்சியவை பின்னர் இலண்டனில் ஒரு தையற்காரரின் கடையில் கண்டெடுக்கப்பட்டன. சில தாள்கள் துணி வெட்டுவதற்கான மாதிரிகளாகக் கத்தரிக்கப்பட்டிருந்தன. நூல் வணிகர் என்றி ஸ்டீவன்ஸ் அவற்றை வாங்கினார். 1882 இல் அமெரிக்க அரசு அவரிடமிருந்து பெற்ற இத்தொகுப்பு, பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தது.

டெம்பிள் அமெரிக்காவில் விட்டுச்சென்ற பெரும் பகுதி, பிலடெல்பியாவுக்கு அருகில் அவருடைய நண்பர் ஒருவரின் குடும்பத்திடம் இருந்தது. அக்குடும்பத்தினர் 1840 இல் அதனை அமெரிக்க மெய்யியல் கழகத்திற்கு வழங்கினர். இக்கழகம் 1743 இல் பிராங்கிளினால் நிறுவப்பட்டதாகும். யேல் பல்கலைக்கழகமும் இக்கழகமும் இணைந்து 1954 இல் பிராங்கிளின் தாள்களின் பதிப்புத் திட்டத்தைத் தொடங்கின. முதல் தொகுதி 1959 இல் வெளியானது. அவர் எழுதிய கடிதங்களுடன் அவருக்கு வந்த கடிதங்களையும் இப்பதிப்பு கால வரிசையில் தருகிறது. இதனால், வரலாற்றில் வேறெங்கும் பெயர் பதியாத பல எளிய மனிதர்களின் குரலும் காக்கப்பட்டுள்ளது.