2 ஜிபி ராமும் பழவேற்காடும்: எடிட்டிங் லேப்டாப்பின் சின்ன வரலாறு

வீடியோ எடிட் பண்ண எந்த லேப்டாப் வாங்கலாம்னு கேட்டா, ஆளுக்கொரு மாடல் பெயர் சொல்வாங்க. இந்த எபிசோடில் மாடல் பெயரே வராது. ஒரு லேப்டாப்புக்குள்ள என்ன இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க, எந்த வேலையை மனசுல வச்சு முடிவு பண்றாங்க? இதைப் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்கள்ல இருந்து பார்க்கலாம்.

2011 செப்டம்பர் 15. திருவள்ளூர் பக்கத்துல காக்களூர். அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அங்கேதான். பழவேற்காடும் அதே மாவட்டம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் டூ படிச்ச பிள்ளைகள் கையில் லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். கொரோனா காலத்தில் நிற்பதற்குள், மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தாங்க.

உள்ளே என்ன இருந்தது? முதல் டெண்டரில் எல்காட் கேட்டது 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் ரெண்டும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஸ்டார்ட்டர் பதிப்பில் இன்னொரு பூட்டும் இருந்தது. 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் அது எடுத்துக்காது. படிக்க, டைப் பண்ண, நெட் பார்க்க அந்த மெஷின் போதும். அந்த வேலைக்குத்தான் அது திட்டமிடப்பட்டது.

அதே நேரத்தில் எடிட்டிங் உலகம் வேற பக்கம் போயிட்டிருந்தது. 1990களில் கம்ப்யூட்டர் எடிட்டிங்னா பெரும்பாலும் ஆவிட், அதுவும் ஸ்டுடியோவில். 1994ல் வந்த 'மகாநதி' அதைப் பயன்படுத்திய ஆரம்பகால இந்தியப் படங்களில் ஒன்று. 2010ல் அடோபி பிரீமியர் சிஎஸ்5 வந்தப்போ, எடிட்டிங்கின் கனமான கணக்குகளை என்விடியா கிராபிக்ஸ் கார்டு செய்ய ஆரம்பிச்சது. எடிட்டிங் கிராபிக்ஸ் கார்டை நம்பத் தொடங்கிய அடுத்த வருஷமே, அந்தக் கார்டு இல்லாத லேப்டாப் லட்சக்கணக்கில் ஊருக்குப் போனது.

அடுத்து மொபைல் கேமரா. போன் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசா சேமிக்காது. முந்தைய ஃபிரேமில் இருந்து எது மாறியதோ, பெரும்பாலும் அதை மட்டும் குறிச்சு வைக்கும். 2003ல் வந்த எச்.264, 2013ல் வந்த எச்.265 ரெண்டும் இந்த வகைதான். ஃபைல் சின்னதாகும், ஆனா எடிட் பண்ணும்போது லேப்டாப் ஒவ்வொரு ஃபிரேமையும் திரும்பக் கட்டணும். திணறல் அங்கேதான். இந்த வேலைக்குன்னே சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி உண்டு. எச்.265க்கான அந்தப் பகுதி இன்டெல்லில் 2015ல் வந்த 6வது தலைமுறையில்தான் வந்தது.

இதெல்லாம் பழவேற்காட்டுக்கு ஏன் முக்கியம்? காட்டுப்பள்ளி துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்தை இந்தக் கரையோர கிராமங்கள் எதிர்க்கின்றன. 2021 ஜனவரி 22ல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5ல் நடக்கவிருந்ததும் தள்ளிப்போனது. 2006ம் வருஷ சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இப்படிப்பட்ட கூட்டம் முழுவதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடியோ எடுத்து, அந்தப் பதிவை அறிக்கையோடு சேர்த்து அனுப்பணும்.

கூட்டத்தில் பேசுவதைச் சட்டமே வீடியோ எடுக்கச் சொல்லுது. ஏரியில் நடப்பதை யார் எடுப்பாங்க? எந்த இடத்தில் யார் எப்போ வலை கட்டணும்னு முறை வச்சுப் பிரிச்சுக்கிற 'பாடு' ஏற்பாடு, மணல் மூடிக்கிட்டே வரும் முகத்துவாரம், கரையோரச் சேற்றுத் திட்டு. இதையெல்லாம் வருஷா வருஷம் அதே இடத்தில் நின்னு எடுத்து வச்சா, அது ஆதாரம்.

இந்த வேலைக்கு லேப்டாப் வாங்கும்போது வரிசை மாறும். போனில் எடுத்த ஃபுல் எச்டி காட்சியை வெட்டி, எழுத்து போட, இன்றைய சிப்பில் உள்ளேயே வரும் கிராபிக்ஸ் போதும். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி பாருங்க. 4கே, கலர் கிரேடிங், மோஷன் கிராபிக்ஸ்னா மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு, அதில் குறைந்தது 6 ஜிபி மெமரி. அப்படிப்பட்ட லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும், அதையும் கணக்கில் வைங்க. மிச்சமாகும் காசில் ரெண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒண்ணை உப்புக்காத்து படாத வேற வீட்டில் வைங்க. எடிட் பண்ணாத ஒரிஜினலைத் தேதியோடு அப்படியே விடணும்.

பழைய லேப்டாப்தான் இருக்கா? காட்சிக்குச் சின்ன நகல், அதாவது பிராக்ஸி உருவாக்கி, அதில் வெட்டிட்டு, கடைசியில் ஒரிஜினலோடு இணைச்சு வெளியே எடுக்கலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் லேப்டாப் திட்டம் கல்லூரி மாணவர்களுக்காகத் திரும்ப வந்தது. இந்தத் தடவை எல்காட் கேட்டது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. வெட்டி ஒட்டும் வேலையை இதிலேயே தொடங்கலாம். சேமிக்க மட்டும் இடம் பத்தாது. அந்த ஹார்டு டிஸ்க்கை முதல்ல வாங்குங்க.