மலையேறிய திரைப்பதிவு

கணினித் திரையில் நடப்பதை அப்படியே வீடியோவாக எடுத்து வைப்பது திரைப்பதிவு. மென்பொருள் பயிற்சி, கணக்குப் பாடம், இணையவழி வகுப்பு எனப் பலவும் இன்று இந்த வடிவில்தான் மாணவரிடம் போய்ச் சேர்கின்றன. நேரலை எட்டாத ஊர்களுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று.

தொடக்கத்தில் திரைக்கு எதிரே கேமராவை நிறுத்தித்தான் படமெடுத்தார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, பொதுவாக நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ வரையப்படும். இந்தியாவில் புழங்கிய பால் (PAL) என்னும் டிவி முறை வீடியோ கேமரா எடுப்பதோ நொடிக்கு 25 படங்கள். இரண்டின் வேகமும் ஒத்துப்போகாததால் பதிவில் ஒரு கருப்புப் பட்டை உருண்டுகொண்டே இருக்கும். மானிட்டருக்குப் போகும் சிக்னலை டிவி சிக்னலாக மாற்றும் பெட்டி வந்தபோது பட்டை மறைந்தது. ஆனால் சிறிய எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

சரியான வழி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. திரையில் தெரியவேண்டிய படத்தைக் கணினி முதலில் நினைவகத்தின் ஒரு பகுதியில் புள்ளி புள்ளியாக எழுதுகிறது. ஃபிரேம் பஃபர் எனப்படும் அந்தப் பகுதியைப் படித்துச் சேமித்தால் கேமராவே வேண்டாம். 1990களில் லோட்டஸ் ஸ்கிரீன்கேம், பின்னர் டெக்ஸ்மித் நிறுவனத்தின் கேம்டேசியா ஆகியவை இந்த வழியைப் பரவலாக்கின. 2004இல் ஜான் உடெல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் தம் வாசகர்களிடம் பெயர் கேட்டு, 'ஸ்கிரீன்காஸ்ட்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

சிக்கல் அளவில்தான். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு, புள்ளிக்கு 3 பைட் வீதம், ஏறக்குறைய 62 லட்சம் பைட் ஆகும். நொடிக்கு 30 படம் என்றால் 18 கோடியைத் தாண்டும். ஆனால் பாடம் நடக்கும் திரையில் பெரும்பகுதி அசையாமல் இருக்கும். சுட்டி நகரும், ஒரு வரி கூடும். மாறிய பகுதியை மட்டும் எழுதிச் சுருக்கும் நுட்பத்தால் மொத்தப் பாடமும் ஒரு பென்டிரைவில் அடங்குகிறது.

படம் நினைவகத்திலேயே இருக்கிறது என்றால் மானிட்டர் எதற்கு? இந்தக் கேள்வியின் விடைதான் மெய்நிகர் திரை. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ முறையில் ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் உண்டு. முதல் திரை 0. 1990களில் வந்த எக்ஸ்விஎஃப்பி என்னும் நிரல், மானிட்டரோ கிராஃபிக்ஸ் அட்டையோ இல்லாமல் நினைவகத்தில் மட்டும் ஒரு திரையை உருவாக்கும். அதற்குப் பெரும்பாலும் 99 என்று எண் கொடுப்பார்கள். அந்தத் திரையில் ஒரு நிரலை ஓடவிட்டு, எஃப்எஃப்எம்பெக் என்னும் வீடியோ நிரல் மூலம் பதிவுசெய்யலாம். ஜிட்சி இணையக் கூட்டங்களைப் பதியும் ஜிப்ரி இப்படித்தான் இயங்குகிறது: யாரும் பார்க்காத திரையில் ஒரு குரோம் உலாவி கூட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்க, அதன் திரை பதிவாகிறது. விண்டோஸில் இத்தகைய திரைக்கான இயக்கி முறை 2016இல் வந்தது. இன்னொரு குறுக்குவழி, மானிட்டர் இணைக்கும் துளையில் செருகும் டம்மி பிளக். விரல் நுனியளவே உள்ள இந்தப் பிளக்குக்குள் இருக்கும் சில்லு, மானிட்டர் ஒன்று தன் அளவுகளைச் சொல்லும் 128 பைட் தகவலைக் கணினிக்குத் தருகிறது. கணினியும் மானிட்டர் இருப்பதாக நம்பிப் படம் வரைகிறது.

இந்தியாவில் திரைப்பதிவைக் கல்விக்குப் பெரிய அளவில் பயன்படுத்தியது மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். மத்திய அரசு 2009இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் நிதியில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் இது வளர்ந்தது. லிப்ரே ஆபிஸ், லினக்ஸ், பைத்தான் போன்றவற்றுக்குப் பத்து நிமிட அளவிலான பாடங்கள் எடுக்கப்பட்டன. ஒருமுறை பதிந்த திரைக்காட்சியை மாற்றாமல், குரலை மட்டும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சேர்த்தார்கள். சுட்டி பொத்தானைத் தொடும் நொடியிலேயே அதற்கான சொல்லும் வந்தாக வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கியத்தைச் சுருக்கி, முறித்துப் பேசவேண்டியிருந்தது. மாணவர் பாதித் திரையில் பாடத்தைப் பார்த்து, மீதித் திரையில் செய்து பழகலாம், இணையம் கட்டாயமில்லை.

தமிழகத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இத்தகைய பாடங்களுக்கு அடித்தளம் போட்டது. அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர் கைக்கே கணினி வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது.  அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன.

நகரத்து மாணவர் செல்போனில் நேரலை வகுப்பில் சேர்ந்தார். கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் அந்த வசதி குறைந்துகொண்டே போகும். சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்கள் பலவற்றில் அப்போது செல்போன் சிக்னலே அரிது. 2020 ஜூலையில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் மடிக்கணினியில் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் மூலம் வீடியோ பாடங்களை ஏற்றித்தரும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. இம்முறையில் கணினியை ஒருமுறை பள்ளிக்குக் கொண்டுபோய் வந்தால் போதும். பேட்டரி இருக்கும்வரை பாடம் ஓடும். புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம்.

பதிவுக்கு ஒரு குறையும் உண்டு: கேள்வி கேட்டால் பதில் வராது. ஆசிரியரின் வேலையை அது செய்வதில்லை. அவர் சொன்னதை, அவர் இல்லாத நேரத்தில் இன்னொருமுறை காட்டுவது மட்டுமே அதன் வேலை.