நாட்பட்ட மன உளைச்சலும் நோய் எதிர்ப்பாற்றலும்

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தீராத நெருக்கடி உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைப்பதே இத்தலைப்பின் பொருள். ‘கவலையே ஆளை அரித்துவிட்டது’ என்று வீடுகளில் சொல்லும் பேச்சுக்கு ஆய்வகச் சான்று கிடைத்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

எல்லா உளைச்சலும் கெடுதல் செய்வதில்லை. சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுப்பவருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் அடங்கிவிடும். அருவியிலிருந்து சில கி.மீ. தள்ளி, சூரியகாந்தி பூத்தால் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வந்து இறங்கும் சுந்தரபாண்டியபுரம் வட்டாரத்தில், விளைச்சலை நம்பிக் கடன் வாங்கியவரின் படபடப்பு அப்படி அடங்குவதில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பார்க்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். அடங்கிவிடும் படபடப்பையும் அடங்காத படபடப்பையும் உடல் வேறுவேறாக நடத்துகிறது.

1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிர், காயம், நஞ்சு எனப் பலவகையில் வாட்டிப் பார்த்தார். எப்படி வாட்டினாலும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. எதிர்ப்பு அணுக்கள் முதிரும் உறுப்பு தைமஸ் என்பது அப்போது தெரியாததால், அதன் சுருக்கத்துக்கு உரிய பொருள் பின்னால்தான் விளங்கியது.

அதே காலத்தில் காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் மன அமைதியுமே மருந்தாகக் கருதப்பட்டன. அதற்கான ஓய்வு மருத்துவமனைகளே சானடோரியங்கள்; சென்னையில் ஒரு ரயில் நிலையத்துக்கு இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே பெயர். அமெரிக்காவில் சியாட்டில் சானடோரியத்தில் தாமஸ் ஹோம்ஸ், நோய் தாக்குவதற்கு முந்தைய மாதங்களில் நோயாளிகள் பட்ட இன்னல்களைக் கணக்கெடுத்தார். அவரும் ராஹேயும் 1967இல் வெளியிட்ட வாழ்க்கை நிகழ்வு அளவுகோலுக்கு வேர் இதுவே. அதில் துணையை இழப்பதற்கு 100 புள்ளி.

மன அமைதியே மருந்து என்ற கருத்துக்குக் கடிவாளம் போட்டது சென்னை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரை நெருக்கடி மிகுந்த ஏழை வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோல் தேறியிருந்தனர். வறுமையும் நெரிசலும் நோய்க்கு வழிவிடலாம்; ஆனால் சரியான மருந்து கிடைத்தவருக்கு அவை குணத்தைத் தடுக்கவில்லை. மனம் சரியானால் நோய் ஓடிவிடும் என்று பேசுவோர் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பாற்றல் மூளையின் பேச்சைக் கேட்கும் என்பதை 1975இல் ராபர்ட் ஏடர், நிக்கலஸ் கோஹன் இருவரும் எலிகளைக் கொண்டு காட்டினர். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைச் சாக்கரின் தண்ணீரோடு சேர்த்துக் கொடுத்துப் பழக்கிய பின், தண்ணீரை மட்டும் கொடுத்தாலே எதிர்ப்பாற்றல் தணிந்தது. 1991இல் ஷெல்டன் கோஹன் 394 பேருக்குச் சளி வைரஸை மூக்கில் விட்டுப் பார்த்தார். உளைச்சல் கூடியவர்களுக்குச் சளி பிடிப்பதும் கூடியது. 1995இல் ஜானிஸ் கீகால்ட்-கிளேசர் குழு, மறதி நோயாளியைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் சிறு காயம் உண்டாக்கியது. அது ஆற மற்றப் பெண்களுக்கு ஆனதைவிடச் சராசரி 9 நாள் கூடுதலாக எடுத்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகளையும் மருமகளையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை நம் வீடுகளில் அபூர்வமாகத்தான் கேட்கிறோம்.

நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை அறிந்ததும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனை விடுகிறது. சிறிது நேரத்துக்கு இது நன்மையே: வெள்ளணுக்கள் தோலுக்குக் காவலாக நகர்வதை ஃபிர்தௌஸ் தாபர் காட்டியிருக்கிறார். ஆனால் நாள்தோறும் கார்டிசால் கொட்டினால் அணுக்களுக்கு அதன் கட்டளை மரத்துப்போகிறது. அழற்சியை அடக்கும் பிடி தளர்கிறது. தடுப்பூசி சரியாகப் பிடிப்பதில்லை, பதுங்கியிருந்த அக்கி வைரஸ் தலைகாட்டுகிறது.

உளைச்சலின் பங்கை மிகைப்படுத்துவதும் உண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்றிருந்த நம்பிக்கையை, 1982இல் கண்டறியப்பட்ட ஹெலிகோபாக்டர் கிருமி பெரிதும் தகர்த்தது. பீடி சுற்றுபவரின் இருமலுக்கும் உளைச்சலை மட்டும் குற்றம் சொன்னால் தட்டிலிருக்கும் புகையிலைத் தூள் தப்பித்துக்கொள்ளும்.

நாட்பட்ட உளைச்சலை அளக்கக் கார்டிசாலை ஒரு முறை ரத்தத்தில் பார்ப்பது போதாது. காலையில் உச்சத்தில் இருப்பது இரவில் தணிந்துவிடும். அதனால் அண்மை ஆய்வாளர்கள் தலைமுடியைக் கத்தரிக்கிறார்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், வேரை ஒட்டிய 3 செ.மீ. துண்டில் கடந்த 3 மாதக் கணக்கு கிடைக்கிறது.