பழைய இரும்பும் கொல்லர் அறிவும்

கொங்குப் பகுதியின் இரும்புருக்கு மரபு தொன்மையானது என்பதற்குக் கொடுமணல் அகழாய்வு சான்றாகும். சேலம் வட்டாரக் கரியுலைகள் 19ஆம் நூற்றாண்டில் மலிவான பிரித்தானிய இரும்பின் வரவால் படிப்படியாக அணைந்தன. இதனைக் கொல்லர் அறிவின் வீழ்ச்சியாகவும் கொள்வதுண்டு. தாதுவை உருக்கியோரின் அறிவு மறைந்தது உண்மை. ஆனால் இரும்பை அடித்து வடிக்கும் கொல்லரின் அறிவு புதியதொரு பொறுப்பை ஏற்றது என இக்கட்டுரை கருதுகிறது.

1856இல் இராயபுரத்திலிருந்து இருப்புப்பாதை இயங்கத் தொடங்கியது. இரயிலும் பின்னர் வந்த மோட்டார் வாகனமும் கழித்த இரும்பு பட்டறைகளின் மூலப்பொருளாயிற்று. உள்ளூர் உலை இரும்பின் பிறப்பிடம் கொல்லருக்குத் தெரியும். பழைய இரும்பின் பிறப்பிடம் தெரியாது. எனவே சோதித்தறிதல் தொழிலின் முதற்படியாயிற்று.

சாணைக்கல்லில் பிடித்தால் தேனிரும்பு கிளையற்ற நீண்ட பொறிகளைத் தரும். கரிமம் மிகுந்த எஃகின் பொறிகள் பூவாய் வெடிக்கும். சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்த துண்டு, அடித்தால் ஒடியுமாயின் எஃகு, வளையுமாயின் மென்னிரும்பு. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம் உண்டு. அரிவாளுக்கு அது விரும்பப்படுவது இதனாலேயே. 2 விழுக்காட்டுக்கு மேல் கரிமமுள்ள வார்ப்பிரும்பு சம்மட்டியடியில் நொறுங்கிவிடும்.

இச்சோதனைகள் காட்டாத ஆபத்தும் உண்டு. துத்தநாகம் பூசிய தகடும் குழாயும் பழைய மரபு அறியாதவை. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிப்பதால் உலையில் புகையாகி, மூச்சில் கலந்து குளிர்காய்ச்சலை உண்டாக்கும். இருமுனையும் அடைபட்ட குழாய் வெப்பத்தில் வெடிக்கக்கூடும். இவற்றை விலக்கக் கற்றதும் கொல்லர் அறிவே.

ஆகவே பழைய இரும்பைத் தெரிந்தெடுக்கும் அறிவும் உலோகத் தொழில்நுட்ப வரலாற்றின் பகுதியாகும். பட்டறைகள் குறைந்துவரும் இன்று, அதனைக் கொல்லரிடம் கேட்டுப் பதிவு செய்தல் காலந்தாழ்த்த இயலாத பணியாகும்.